தாத்தாவின் துப்பாக்கியும் லைசென்ஸ் புத்தகமும்

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ வங்கிக்குள் நுழையும்போது காவலரின் தோளில் தொங்கும் நீளத் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது பன்னிரண்டு போர் ரகம். நான் சொல்ல வந்தது அதன் ஒல்லியான தம்பி, 'பாயிண்ட் டூ டூ' ரைஃபிளைப் பற்றி. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு உடனே ஞாபகம் வரும்.

குழல் விட்டம் 0.22 அங்குலம், அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். இதன் தோட்டாவை ரிம்ஃபயர் என்பார்கள். ஊசி தோட்டாவின் அடிவிளிம்பில் தட்டினால் வெடிக்கும். இன்று உலகெங்கும் விற்கும் '.22 லாங் ரைஃபிள்' தோட்டா 1887-ல் வந்தது. செமி ஆட்டோமேட்டிக் என்றதும் இயந்திரத் துப்பாக்கி என்று பயந்துவிட வேண்டாம். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான். சுட்ட கூட்டை வெளியே தள்ளி அடுத்ததை ஏற்றிக்கொள்ளும், அவ்வளவே.

அந்தக் காலக் கரிமருந்து இந்த நுட்பத்தில் கரி படிய வைக்கும். அதனால் வின்செஸ்டர் கம்பெனி 1903-ல் தன் ரைஃபிளுக்குப் புகையில்லா மருந்தோடு தனித் தோட்டாவே செய்தது. அடுத்து ஜான் பிரவுனிங் வடிவமைத்த .22 ரைஃபிள், 1914 முதல் பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் ஊரில் தயாரானது.

பிரவுனிங், ஹெர்ஸ்டால்... எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட கைத்துப்பாக்கியும் அதே ஊர்த் தயாரிப்பு, அதே பிரவுனிங்கின் வடிவம்தான். அவர் சுடப் பழகியது புதுச்சேரியில். அது பிரெஞ்சு மண். பிரிட்டிஷ் இந்தியாவின் ஆயுதச் சட்டம் அங்கே செல்லாது.

அந்தச் சட்டம் 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்குப் பல ஆண்டுகள் விலக்கு! இந்த அவமானம் ஆறவே இல்லை. 1931 கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதையும் குடிமக்களின் உரிமைப் பட்டியலில் சேர்த்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959-ல் புதிய சட்டம். லைசென்ஸ் போகவில்லை, நிறபேதம் போயிற்று. ஒருவர் இத்தனை துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்ற வரம்பிலிருந்து அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர்களின் இலக்குப் பயிற்சிக்கு விலக்கு தரும்போது, பாயிண்ட் டூ டூவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது சட்டம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்கும் கடிவாளம் போட்டது. கைபட்டு மெருகேறிய கட்டையும் மங்கிய ஸ்கோப்புமாக ஊரில் சில வீடுகளில் அந்த ரைஃபிள்கள் அலமாரிக்குள் ஒதுங்கின.

சிக்கல் இங்கேதான். தாத்தா காலமான பிறகு அந்தத் துப்பாக்கி யாருடையது? நாமினி போட்டு வைக்க அது என்ன எஃப்.டி.யா! லைசென்ஸ் அவரோடு முடிந்தது. வாரிசுகள் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ அதை ஒப்படைக்க வேண்டும். வேண்டுமானால் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம், மும்பையில் போலீஸ் கமிஷனரிடம், ஊரில் கலெக்டரிடம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், பரம்பரைச் சொத்தானாலும் சரி. லைசென்ஸ் ஆயுள் ஐந்து ஆண்டு. இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. "சும்மாதான் கிடந்தது சார்" என்பது பதில் ஆகாது.

பாயிண்ட் டூ டூவின் கதை அலமாரியோடு முடிந்துவிடவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் மகாராஷ்டிரத்து ரயில்வே ஊழியர் ஸ்வப்னில் குசாலே, 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றது இதே .22 தோட்டாவில்தான். ஸ்கோப் கிடையாது, ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பெரியப்பா வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று இருந்தால், துப்பாக்கியைக் கையில் எடுக்காதீர்கள். லைசென்ஸ் புத்தகத்தை வாங்கித் தேதியைப் பாருங்கள்.