பூந்தமல்லியும் மிளகுத்தண்ணீரும்
சாப்பாட்டுக்கு முன் பசியைக் கிளப்பும், மது கலவாத கசப்புப் பானத்தை இத்தாலி 1960களில் குரோடினோ என்று புட்டியில் அடைத்து விற்றது. சென்னை வட்டாரத்தில் மிளகுத்தண்ணீர், அதாவது ரசம், அந்த வேலையை வெகுகாலம் முன்பே செய்துவந்தது. 19ஆம் நூற்றாண்டில் பூந்தமல்லியில் ஐரோப்பியப் படையினருக்கு முகாம் இருந்தது. அந்தக் காலத்து மதராஸ் ஆங்கிலேயர் மிளகுத்தண்ணீரில் இறைச்சி சேர்த்து ‘முல்லிகடானி’ ஆக்கி விருந்தின் தொடக்கத்தில் வைத்தார்கள். கெட்டியாக்கிக் கெடுத்தார்கள் என்பது என் கட்சி.

ரசம் சாம்பாருக்குப் பின்னால்தானே வருகிறது, அது எப்படி முன்பானம் ஆகும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் புளிப்பும் உறைப்பும் நாவில் நீர் சுரக்க வைப்பதற்கு வரிசை ஒரு பொருட்டல்ல. மோர்ச்சோறு வரை கை நீள அந்தத் தூண்டல் நடுவிலும் வேண்டியிருக்கிறது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ சாப்பிட உட்கார்ந்தால் ரசக்கிண்ணத்தை முதலில் குடித்துப் பாருங்கள்.