நியூயார்க் சிலந்தி மும்பையில் கடித்ததா? பீட்டர் பார்க்கர், பவித்ர் பிரபாகர் ஆன கதை

ஸ்பைடர்மேன் வேட்டி கட்டுவாரா? 2004-லேயே கட்டிவிட்டார். மேலே வழக்கமான சிலந்தி முகமூடி, கீழே பஞ்சகச்சம் மாதிரி கட்டிய வேட்டி, காலில் நுனி வளைந்த செருப்பு. 'ஸ்பைடர்மேன்: இந்தியா' என்ற அந்தக் காமிக்ஸ் மொத்தமே 4 இதழ்கள்தான் வந்தது. அப்போது அதைப் படித்தவர்களைவிட, 2023-ல் 'ஸ்பைடர்மேன்: அக்ராஸ் த ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் அந்தப் பையனைப் பார்த்து, "யாருப்பா இது?" என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

1962-ல் எழுதிய ஒரு ஸ்கூல் பையனின் கதையை ஏன் திரும்பத் திரும்ப முதலில் இருந்து எழுதுகிறார்கள்? ஒவ்வொரு முறையும் எதை மாற்றுகிறார்கள், எதைத் தொடுவதே இல்லை?

முதல் கதை வெறும் 11 பக்கம்

1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேண்டஸி' 15-வது இதழில்தான் ஸ்பைடர்மேன் முதலில் வந்தார். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. அந்தப் பத்திரிகைக்கு அதுதான் கடைசி இதழ். எப்படியும் மூடப்போகிற பத்திரிகை, ஒரு புது முயற்சி செய்து பார்க்கலாம் என்று போட்ட கதை அது என்று ஸ்டான் லீ பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். சிலந்தி என்றாலே ஜனங்களுக்கு அருவருப்பு, அதோடு டீன்ஏஜ் பையன் என்றால் பெரிய ஹீரோவுக்கு எடுபிடியாக மட்டும்தான் இருக்க முடியும் என்பது அன்றைய காமிக்ஸ் உலகத்தின் கணக்கு.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பா அம்மா இல்லாத பீட்டர் பார்க்கரை சித்தப்பா பென், சித்தி மே வளர்க்கிறார்கள். படிப்பாளிப் பையன், பள்ளியில் கேலிக்கு ஆளாகிறவன். ஒரு அறிவியல் கண்காட்சியில் கதிர்வீச்சு பட்ட சிலந்தி கடிக்கிறது. சக்தி வருகிறது. அதை வைத்து டிவி நிகழ்ச்சியில் காசு பார்க்கிறான். ஓடுகிற திருடனைப் பிடிக்காமல் 'எனக்கென்ன' என்று விடுகிறான். அதே திருடன்தான் பின்னால் சித்தப்பாவைக் கொல்கிறான்.

இதில் சிலந்தியைவிட முக்கியமானது அந்த 'எனக்கென்ன'தான். சக்தி கிடைத்ததால் அவன் ஹீரோ ஆகவில்லை, சக்தி இருந்தும் சும்மா இருந்ததால் வந்த குற்ற உணர்ச்சியில்தான் ஆகிறான். பின்னால் வந்த எந்த எழுத்தாளரும் இந்த ஆணியை மட்டும் பிடுங்கத் துணியவில்லை. ரொம்ப நாளைக்கு.

சிலந்தி மட்டும் காலத்துக்கு ஏற்ப மாறும்

1962 என்பது அணுகுண்டு பயம் உச்சத்தில் இருந்த காலம். அமெரிக்கா, சோவியத் ரஷ்யா இரண்டும் அணு ஆயுதப் போட்டியில் இருந்தன. அதனால் சிலந்திக்குக் கதிர்வீச்சு. ஹல்க்குக்கும் அதே வருடம், அதே கதிர்வீச்சு.

2000-ல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ், பில் ஜெமாஸ், ஓவியர் மார்க் பேக்லி மூவரும் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' தொடங்கினார்கள். நாற்பது வருடக் கதைப் பாரம் புது வாசகர்களை விரட்டுகிறது, அதனால் பழைய தொடர் ஒரு பக்கம் ஓடட்டும், இன்னொரு பக்கம் இன்றைய பள்ளிக்கூடத்தில் பீட்டரை மறுபடி உட்கார வைப்போம் என்பது திட்டம். இங்கே சிலந்தி ஒரு பெரிய கம்பெனியின் மருந்துப் பரிசோதனையில் இருந்து தப்பி வந்தது. 2002-ல் வந்த சினிமாவில் அது மரபணு மாற்றிய சிலந்தி ஆனது. அணுகுண்டு போய், ஆய்வகமும் கார்ப்பரேட்டும் பயமுறுத்துகிற காலம் வந்துவிட்டது என்று அர்த்தம். பழைய பீட்டர் பத்திரிகைக்குப் போட்டோ எடுத்து விற்பான். புதுப் பீட்டர் அதே 'டெய்லி பியூகிள்' பத்திரிகையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறான்.

11 பக்கக் கதையை பெண்டிஸ் ஏழு இதழ்களுக்கு இழுத்தார். இழுவை என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் சித்தப்பா பென் அந்த ஏழு இதழ்களில்தான் ஒரு மனிதராகத் தெரிய ஆரம்பித்தார். பழைய கதையில் அவர் சாவதற்காகவே வந்தவர்.

மும்பைக்கு எப்படி வந்தார்?

தெற்காசியாவில் மார்வெல் காமிக்ஸ் வெளியிட்டு வந்த கோத்தம் என்டர்டெயின்மென்ட் குரூப் 2004-ல் ஒரு யோசனை சொன்னது. அமெரிக்கக் கதையை மொழிபெயர்த்தால் போதாது, இங்கேயே பிறந்த மாதிரி மறுபடி படைக்க வேண்டும் என்று. ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் கங் ஆகியோர் சேர்ந்து உருவாக்கினார்கள். இதற்கு 'டிரான்ஸ்கிரியேஷன்' என்று ஒரு பெயரும் வைத்தார் தேவராஜன்.

பெயர்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாலே வேலை புரியும். பீட்டர் பார்க்கர், பவித்ர் பிரபாகர். பென் சித்தப்பா, பீம் சித்தப்பா. மே, மாயா. மேரி ஜேன், மீரா ஜெயின். வில்லன் நார்மன் ஆஸ்போர்ன், நளின் ஓபராய். முதல் எழுத்து எதுவும் மாறவில்லை. கொஞ்சம் விளையாட்டு, கொஞ்சம் கிராஸ்வேர்ட்.

பவித்ர் ஒரு கிராமத்துப் பையன். உதவித்தொகை கிடைத்து மும்பையில் பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு வருகிறான். அவன் உடையைப் பார்த்துக் கூட படிப்பவர்கள் சிரிக்கிறார்கள், மீரா மட்டும் பேசுகிறாள். பீட்டரைக் கேலி செய்தது படிப்பாளி என்பதற்காக. பவித்ரைக் கேலி செய்வது அதற்காகவும், அவன் எங்கிருந்து வந்தான் என்பதற்காகவும். காமிக்ஸின் உண்மையான மறுபடைப்பு இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஊரில் இருந்து வந்து பெரிய ஸ்கூலில், காலேஜில் முதல் நாள் கால் வைத்த யாருக்கும் அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

பீம் சித்தப்பாவின் சாவிலும் ஒரு மாற்றம் உண்டு. ஒரு பெண்ணைச் சில ரவுடிகள் தாக்குகிறார்கள். சக்தி இருந்தும் பவித்ர் விலகிப் போகிறான். எந்தச் சக்தியும் இல்லாத சித்தப்பா உள்ளே போகிறார், கொல்லப்படுகிறார். திருடனை விட்டதைவிட இது கனமான குற்றம். இந்தியத் தெருக்களில் 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்குவது எவ்வளவு சாதாரணம் என்று தெரிந்தவர்கள் எழுதியது.

சறுக்கியது எங்கே?

பவித்ரை எந்தச் சிலந்தியும் கடிப்பதில்லை. ஒரு பழங்கால யோகி தோன்றி அவனுக்குச் சிலந்தியின் சக்தியைக் கொடுக்கிறார். வில்லன் ஓபராயும் ஆய்வகத்தில் மாறுவதில்லை, ஒரு தாயத்தை வைத்துச் சடங்கு செய்து அரக்கன் ஆகிறான். அறிவியல் தவறினால் என்ன ஆகும் என்ற கதை, தர்மத்துக்கும் அதர்மத்துக்கும் நடக்கும் சண்டையாக மாறிவிட்டது.

விதியும் கர்மமும் நம் கதை மரபில் இருப்பவைதானே, அமெரிக்க விஞ்ஞானத்தை ஏன் கடன் வாங்க வேண்டும் என்பது ஒரு பக்கத்து வாதம். இன்னொரு பக்கம் நேரடியானது: 2004-ல் இந்தியா என்றால் சாஃப்ட்வேர், செல்போன், ராக்கெட். அந்த ஊருக்கு வந்த ஸ்பைடர்மேனுக்கு ஒரு ஆய்வகம்கூடவா கிடைக்கவில்லை? வெளிநாட்டுக்காரர் கண்ணில் இந்தியா என்றால் சாமியார்தான் என்ற பழைய படத்தை, இந்தியர்களே வரைந்து கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

இதில் இரண்டாவது வாதத்துக்குத்தான் எடை அதிகம். காரணம் யோகி அல்ல. பீட்டருக்கு நடந்தது விபத்து. அந்த அறையில் இருந்த யாரையும் சிலந்தி கடித்திருக்கலாம். பவித்ரை ஒருவர் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். 'யாருக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கும்' என்பது போய் 'இவன் தகுதியானவன்' என்று ஆகும்போது, ஸ்பைடர்மேன் கதையின் பாதி சுவை போய்விடுகிறது.

இந்த மாதிரி ஊர் மாற்றியது இந்தியாதான் முதலா என்றால், இல்லை. ஜப்பானில் 1970-லேயே ரியோச்சி இகேகாமி வரைந்த மாங்காவில் யூ கோமோரி என்ற மாணவன் ஸ்பைடர்மேன் ஆனான். 1978-ல் அங்கே வந்த டிவி தொடர் இன்னும் தைரியமானது. அதில் ஸ்பைடர்மேனிடம் ஒரு ராட்சத ரோபோவே இருந்தது!

தமிழ் வாசகருக்கு 'ஸ்பைடர்' யார்?

இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களிடம் 'காமிக்ஸ் ஸ்பைடர்' என்று சொன்னால் பலருக்கு நினைவு வருவது பீட்டர் பார்க்கர் இல்லை. சிவகாசியில் இருந்து வந்த லயன் காமிக்ஸில் கலக்கிய, கூர்மையான காதும் வலைத் துப்பாக்கியும் கொண்ட ஸ்பைடர். அவர் 1965-ல் பிரிட்டனின் 'லயன்' வார இதழில் பிறந்த, வில்லனாகத் தொடங்கி ஹீரோவான ஆள். அவர் கதைகளைப் பின்னால் எழுதியவர்களில் ஒருவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல்.

1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது வந்த 'இரும்புக்கை மாயாவி'யும் பிரிட்டனில் பிறந்தவர்தான், அதுவும் ஸ்பைடர்மேன் பிறந்த அதே 1962-ல். ஆனால் தமிழில் மாயாவிக்கு யாரும் வேட்டி கட்டிவிடவில்லை, மதுரைக்கு மாற்றவில்லை. கதை மாறாமல் இருந்தது, தமிழ் மட்டும் நம்ம தமிழாக இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது, ஒரு தலைமுறைக்கு அவர் சொந்தக்காரர் ஆகிவிட்டார். மறுபடைப்பு மட்டும்தான் ஒரே வழி என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய உதாரணம் இது.

சென்னையில் நடந்திருந்தால்?

பவித்ர் மும்பைப் பையன். சென்னையில் இந்தக் கதைக்கு இடம் தேடினால், பெயரிலேயே பொருந்துகிற ஊர் சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றி உருவாக்கிய பேட்டை அது. 'சின்னத் தறிப் பேட்டை'தான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். நூல் நூற்கிற ஹீரோவுக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைக்காது.

தாவுவதற்குத்தான் சிக்கல். மன்ஹாட்டன் மாதிரி அடுத்தடுத்து உயரமான கட்டிடங்கள் இல்லை. குறுகலான தெரு, உதிரிபாகக் கடை, மீன் மார்க்கெட், தலைக்கு மேலே பறக்கும் ரயில் பாதை. அண்ணா சாலைப் பக்கம் போனால் எல்.ஐ.சி. கட்டிடம். ஆனால் ஒரு மூலக்கதைக்குத் தேவை கட்டிடம் அல்ல, இந்த ஊரின் இன்றைய பயம் எது என்ற பதில். பேட்டையைச் சுற்றி ஓடுகிற கூவம் இருக்கிறது. கூவக்கரையில் குடியிருந்த குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைதூரக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டதும், பிள்ளைகள் படிப்பும் பெற்றோர் வேலையும் பாதிக்கப்பட்டதும் சென்னையின் சமீபத்திய வரலாறு. 2023-ல் வந்த 'மாவீரன்' கிட்டத்தட்ட அந்த நரம்பைத்தான் தொட்டது. குடிசைப் பகுதியில் இருந்து தரமற்ற அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட ஒரு காமிக்ஸ் ஓவியன், தான் வரைந்த வீரனின் குரலைக் கேட்கத் தொடங்குகிறான். யோகியும் இல்லை, சிலந்தியும் இல்லை. பயந்தாங்கொள்ளி, ஆனால் 'எனக்கென்ன' என்று இருக்க விடாத குரல். ஸ்டான் லீயின் 11 பக்கத்துக்கு இது ரொம்ப தூரத்துச் சொந்தம் இல்லை.

மைல்ஸ், மறுபடியும் பவித்ர்

2011-ல் 'அல்டிமேட்' தொடரின் பீட்டர் இறந்துபோக, பெண்டிஸும் ஓவியர் சாரா பிச்செல்லியும் மைல்ஸ் மொராலஸைக் கொண்டுவந்தார்கள். கறுப்பின அப்பா, புவெர்ட்டோ ரிக்கோ அம்மா. பெயரை ஒட்டிப் போலி செய்யவில்லை, புது ஆளையே உருவாக்கினார்கள். நல்ல பள்ளியில் இடம் கிடைப்பதே குலுக்கலில்தான் என்பது அவன் கதையின் முதல் அடி. பவித்ரை விட மைல்ஸ் வேரூன்றியதற்குக் காரணம் இதுதான்: ஒருவன் பீட்டரின் நகல், இன்னொருவன் பீட்டரின் வாரிசு.

2023 படம் பவித்ருக்கு அந்தக் குறையைச் சரி செய்தது. ஊர், மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த 'மும்பாட்டன்'. உதவித்தொகைச் சோகம் போய், தன் ஊரை ரசிக்கிற, தலைமுடியைப் பற்றிப் பெருமையடிக்கிற பையன். 'சாய் டீ' என்று சொன்ன மைல்ஸை, சாய் என்றாலே டீதானே என்று போட்டு வாங்குகிறான். ஆங்கிலத்தில் குரல் கொடுத்தவர் கரண் சோனி, இந்தியிலும் பஞ்சாபியிலும் கிரிக்கெட் வீரர் சுப்மன் கில். தமிழ் உட்பட 10 மொழிகளில் இந்தியாவில் வந்தது. அதே வருடம் எழுத்தாளர் நிகேஷ் சுக்லா, பவித்ரை வைத்துப் புதிய 'ஸ்பைடர்மேன்: இந்தியா' காமிக்ஸ் தொடரும் எழுதினார்.

அந்த ஆணியை எப்போதாவது யாராவது பிடுங்கினார்களா? 2024 ஜனவரியில் ஜொனாதன் ஹிக்மேன், மார்கோ கெக்கெட்டோ தொடங்கிய புது 'அல்டிமேட் ஸ்பைடர்மே'னில் பென் சித்தப்பா சாகவில்லை, மே சித்திதான் இல்லை. பீட்டர் டீன்ஏஜ் பையனும் இல்லை. முப்பதுகளின் நடுவில் இருக்கிற, மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள குடும்பஸ்தன். பதினைந்து வயதில் கடித்திருக்க வேண்டிய சிலந்தியை ஒருவன் தடுத்துவிட்டான். இப்போது அது ஒரு பெட்டியில் வந்து சேர்கிறது. கடிக்க விடலாமா வேண்டாமா என்று அவனே முடிவெடுக்கிறான்.

பவித்ரும் மைல்ஸும் இருக்கும் பட வரிசையின் அடுத்த பாகம் 'பியாண்ட் த ஸ்பைடர்-வெர்ஸ்' 2027-ல் வரும் என்று சோனி அறிவித்திருக்கிறது.