கார் கண்ணாடிப் படலத்தின் கதை

கார் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத படலங்கள் உண்டு. பயணிகளைக் காப்பதற்காக வந்தவை அவை. ஆனால் அந்தப் படலங்களையே வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

பிரான்சு நாட்டு ஓவியரும் வேதியியலாளருமான எட்வார்ட் பெனடிக்டஸ், 1903-ஆம் ஆண்டு தன் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தவறவிட்டாராம். குடுவை விரிசல் விட்டது, சிதறவில்லை. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து, சுவரோடு படலமாக ஒட்டியிருந்ததே காரணம். அந்நாளில் கார் விபத்துகளில் உடைந்த கண்ணாடி முகத்தைக் கிழிப்பது வழக்கமாக இருந்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே செல்லுலாயிட் தாளை வைத்து அழுத்தி அவர் 1909-இல் காப்புரிமை கோரினார். மூன்று அடுக்குகள் என்பதால் 'ட்ரிப்ளெக்ஸ்' என்று பெயர். முதல் உலகப்போரில் நச்சுவாயு முகமூடிகளின் கண்பகுதிக்கும் இது பயன்பட்டது.

ஆனால் ஒரு சிக்கல். வெயில் பட்டதும் செல்லுலாயிட் மஞ்சளித்தது. ஓட்டுநருக்குச் சாலையே மங்கலாகத் தெரிந்தது! 1930-களின் இறுதியில் பாலிவினைல் பியூட்டிரல் என்னும் பிளாஸ்டிக் வந்த பிறகே இது தீர்ந்தது. அது மஞ்சளிக்கவில்லை; புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியையும் தடுத்தது. இன்றும் முன்கண்ணாடிகளில் இருப்பது இதுவே.

அடுத்து வந்தது கண்ணாடியில் ஒட்டும் 'சன் பிலிம்'. வெயிலைத் தடுக்கும் படலத்துக்கு 3எம் நிறுவனம் 1966-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. சாயம் ஏற்றிய மலிவான படலங்கள் நாளடைவில் ஊதா நிறமாகி, குமிழ் விட்டன. பின்னர் உலோகப் பூச்சும் பீங்கான் துகள்களும் சேர்ந்த படலங்கள் வந்தன.

இந்தியாவில் இது நீதிமன்றம் வரை போனது. கறுப்புக் கண்ணாடி குற்றவாளிகளுக்கு மறைவிடமாகிறது என்ற வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மே 4 முதல் கண்ணாடியில் படலம் ஒட்டுவதையே தடை செய்தது. வெயிலில் வாடும் பயணி ஒரு பக்கம், மக்களின் பாதுகாப்பு மறுபக்கம். மத்திய மோட்டார் வாகன விதி 100 பின்னர் திருத்தப்பட்டது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத ஒளியும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத ஒளியும் ஊடுருவினால் படலம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் கூறியது.

படலம் ஒட்டியவர்கள் சில நாட்கள் கண்ணாடியை இறக்கக் கூடாது. அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது. சொரசொரப்பான துணியும் பிளேடும் ஆகவே ஆகாது. மென்மையான துணியும் சிறிது சோப்புத் தண்ணீரும் போதும்.