சுந்தரலிங்கம், செ. (1895–1985)

செல்லப்பா சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியர், இலங்கைப் பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். அதிலிருந்து வெளியேறிய பின் தமிழருக்குத் தனியரசு வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டவர். வன்னியின் வவுனியாத் தொகுதி 1947 முதல் அவரை மீண்டும் மீண்டும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. 'அடங்காத் தமிழர்' என்ற பெயரிலேயே மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள்.

1895 ஓகஸ்ட் 19இல் பிறந்தார். குடும்பத்தின் ஊர் யாழ்ப்பாணத்து உரும்பிராய். சகோதரர் ஐவரின் பெயரும் 'லிங்கம்' என்றே முடியும். நாகலிங்கம் உச்ச நீதிமன்ற நீதியரசரானார், தியாகலிங்கம் பேர்பெற்ற வழக்கறிஞர். சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்ட் பேலியல் கல்லூரியில் படித்துத் திரும்பி, சிவில் சேவையில் சேர்ந்தார். பலர் ஏங்கிய அந்த உத்தியோகத்தை விட்டு, கொழும்பின் பௌத்தக் கல்லூரியான ஆனந்தாவுக்கு உப அதிபராகப் போனார். பின்னர் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து 1940இல் ஓய்வு பெற்றார்.

அவருடைய கணிதம் வகுப்பறையோடு நிற்கவில்லை. பிரித்தானியர் காலத்து டொனமூர் யாப்பின்படி அரசாங்க சபை உறுப்பினர்கள் 7 நிர்வாகக் குழுக்களாகப் பிரிவார்கள்; ஒவ்வொரு குழுவும் தெரிவு செய்யும் தலைவரே அமைச்சர். ஏழு குழுக்களிலும் சிங்கள உறுப்பினர் பெரும்பான்மையாக அமையும்படி ஆட்களைப் பங்கிட்டால் ஏழு அமைச்சரும் சிங்களவராகவே வருவார்கள். 1931இல் சிங்களவரல்லாத பெரி. சுந்தரமும் மாக்கான் மாக்காரும் அமைச்சர்களாக இருந்த இடத்தில், 1936இல் தனிச் சிங்கள அமைச்சரவை அமைந்தது இப்படித்தான். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் சேனநாயக்காவின் நண்பரான சுந்தரலிங்கமே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அமைச்சர்கள் ஒரே குரலில் பேசினால் பிரித்தானியர் கூடுதல் சுயாட்சி தருவார்கள் என்பதே அன்றைய வாதம். அதை மனதார நம்பித்தான் அவர் துணைபோனார் என்று கொள்ள இடமுண்டு. ஆனால் அந்தக் கணக்கின் விளைவைப் பிற்காலத்தில் அவரைவிடக் கசப்பாக அனுபவித்தவர்கள் குறைவு.

1947 பொதுத் தேர்தலில் வவுனியாவில் சுயேச்சையாக நின்று வென்றார். பின்னாளில் முல்லைத்தீவு மாவட்டமான நிலத்தின் பெரும்பகுதி அப்போது வவுனியா மாவட்டத்தோடு இருந்தது: குளங்களை நம்பிய வயலும் காடுமாக விரிந்த, சனம் குறைந்த நாடு. யாழ்ப்பாணத்தில் தமிழ்க் காங்கிரஸ் அலை வீசிய அந்தத் தேர்தலில், வன்னி கட்சி பாராமல் ஆளைப் பார்த்து வாக்களித்தது. மன்னாரில் வென்ற சி. சிற்றம்பலமும் சுந்தரலிங்கமும் அமைச்சர்களானார்கள்.

மலையகத் தமிழரைக் குடியுரிமைக்கு வெளியே நிறுத்திய முதலாவது பிரசாவுரிமைச் சட்டம் 1948இல் நிறைவேறியபோது அவர் அமைச்சரவையில்தான் இருந்தார். இதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. அதே ஆண்டு டிசெம்பரில் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமை மசோதா வந்தபோது வாக்களிக்காமல் அவையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டார். அவர் பதவியைத் துறந்தார். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசாங்கத்திலேயே இருந்தார். அதனால் அவரது கட்சி பிளந்தது; அந்தப் பிளவிலிருந்து 1949இல் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி பிறந்தது. சுந்தரலிங்கம் அதில் சேரவில்லை.

சிங்கக் கொடியைத் தேசியக் கொடியாக்கியதை எதிர்த்து 1951இல் நாடாளுமன்ற இருக்கையை விட்டார். இடைத்தேர்தலில் வவுனியா அவரையே திருப்பி அனுப்பியது. 1952லும் 1956லும் மறுபடி வென்றார். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டக் காலத்தில் அவர் கோரிக்கை சமஷ்டியைத் தாண்டியது. ஆங்கிலேயர் ஆட்சி கைமாறியபோது தமிழரின் இறைமை சிங்களவரிடம் ஒப்படைக்கப்படவில்லை என்று துண்டுப் பிரசுரங்களிலும் பகிரங்கக் கடிதங்களிலும் வாதாடினார். 1959இல் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணியைத் தொடங்கினார். 1960 மார்ச்சில் தா. சிவசிதம்பரத்திடம் வவுனியாவை இழந்தார்.

தனியரசு கேட்ட இன்னொருவரின் பாதையோடு அவர் பாதையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உக்ரேனியரான லெவ்கோ லுக்கியனென்கோ சோவியத் யாப்பில் இருந்த பிரிந்து செல்லும் உரிமையை எடுத்துக்காட்டியதற்காக 1961இல் மரண தண்டனை பெற்றவர். அது 15 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1990இல் நாடாளுமன்றம் புகுந்து, மறு ஆண்டு தன் நாட்டின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதினார். அவர் சிறையிலிருந்து சபைக்கு வந்தார். சுந்தரலிங்கம் நடந்தது எதிர்த் திசை: அமைச்சர் நாற்காலியிலிருந்து தனிக்குரலுக்கு.

1968இல் நடந்தது அவர் பெயரின் மேல் அழியாத கறை. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்டுப் போராடியது. வழிபட வந்த ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுக்க வாசலில் நின்றவர்களின் முன்னணியில் எழுபது வயது தாண்டிய இந்தப் பேராசிரியர் நின்றார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. மரபைக் காத்தார் என்று வாதிடுவோர் உண்டு. தமிழர் யாவரும் விடுதலை பெற வேண்டும் என்று எழுதிய கை, தமிழரில் ஒரு பகுதியைக் கோயில் வாசலில் மறித்ததற்கு அந்த வாதம் பதிலாகாது.

1970இல் காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்து நின்று தோற்றார். சுந்தரலிங்கம் முன்பு தனியாகக் கேட்டதைத் தமிழர் விடுதலைக் கூட்டணி 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தீர்மானமாக்கியது. 1983இல் 6ஆம் திருத்தம் தனிநாடு கேட்பதையே குற்றமாக்கியது. அதைக் கண்ட பின், 1985 பெப்ரவரி 11இல், 89ஆவது வயதில் காலமானார்.