நஞ்சும் திர்யாக்கும்

பழைய அரபு மருத்துவ நூல்களில் ‘திர்யாக்’ என்றொரு சொல் வரும். கிரேக்கத்திலிருந்து அரபு மொழி ஏற்றுக்கொண்ட அச்சொல்லுக்கு நச்சுமுறி என்பது பொருள். இப்னு ஸீனா தமது ‘கானூன்’ நூலில் அதனை ஆராய்ந்தார். இப்னு ருஷ்து அதற்கெனத் தனி நூலே இயற்றினார். மனிதன் திர்யாக்கைத் தேடப் புறப்படுமுன்பே, மண்ணில் வாழும் ஓர் அற்ப உயிருக்கு வல்ல இறைவன் அதனை வழங்கியிருந்தான்.

செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்தில், கோடைக்குப் பின் முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையை அறியாதார் இலர். அவ்வாசனையில் பெரும்பங்கு ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ்’ என்னும் நுண்ணுயிர்க் குடும்பத்தினுடையது. உலகெங்கும் மண்ணில் பரவியுள்ள அக்குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்தே, 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். காசநோய்க்கு வாய்த்த முதல் வலிய மருந்து அது. 1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையம், இம்மருந்தை ஐசோனியசிடுடன் சேர்த்து வாரம் இருமுறை கொடுத்து, நோயாளி வீட்டிலிருந்தவாறே குணமடையலாம் என்பதை 1964இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவியது.

கிருமியின் உடலுக்குள் புரதம் சமைக்கும் ‘ரைபோசோம்’ என்னும் உலையை ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிக் கெடுக்கிறது. அத்தகைய உலை அந்நஞ்சைச் செய்யும் உயிருக்கும் உண்டு. அவ்வாறாயின் அது மடியாதது எங்ஙனம்?

அது நஞ்சை ஆக்கும்போதே அதன்மீது பாஸ்பேட் என்னும் பூட்டை மாட்டிவிடுகிறது. பூட்டிய நஞ்சு தீங்கற்றது. வெளியே அனுப்பிய பின்னரே பூட்டு கழற்றப்படுகிறது. வெளியேறிய நஞ்சு தப்பித்தவறி உள்ளே திரும்பினாலும் மீண்டும் பூட்டப்படும். நஞ்சை ஆக்கும் மரபணுக்களின் அருகிலேயே பூட்டை ஆக்கும் மரபணுவும் அமைந்துள்ளது. பிறரை அழிக்கும் ஆற்றலோடு தன்னை அடக்கும் ஆற்றலும் சேர்ந்தே அருளப்பட்டிருக்கிறது!

ஆனால் அந்தப் பூட்டு மண்ணோடு நிற்கவில்லை. மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமிகளிடம் காணப்படும் பூட்டுகளும், மருந்தை உண்டாக்கும் மண்ணுயிர்களின் பூட்டுகளும் ஒத்திருப்பதை 1973இல் பென்வெனிஸ்ட், டேவிஸ் எனும் இரு ஆய்வாளர் காட்டினர். இவ்வாற்றல் அங்கிருந்தே வந்திருக்கலாம் என்றும் கருதினர். காசக்கிருமி தன் உலையையே திருத்திக்கொண்டு தப்புவது வேறு வழி. எவ்வழியாயினும், நாம் மருந்தை வரம்பின்றி இறைக்குந்தோறும் தப்பிய கிருமிகளே பெருகுகின்றன.

இந்த ஆபத்தை உணர்ந்த இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012இல் சென்னையில் கூடின. அங்குப் பிறந்த ‘சென்னைப் பிரகடனத்தை’ ஒருங்கிணைத்தவர் சென்னை மருத்துவர் அப்துல் கபூர். 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில மருந்துகளை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, அதனை மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்ற விதியும் நடப்புக்கு வந்தது.

சட்டம் கடைவாசல் வரைதான் வரும். வீட்டுக்குள் நம் மனச்சான்றே காவல். சளிக்காய்ச்சலுக்கெல்லாம் மருத்துவரைக் கேளாமல் மாத்திரை வாங்குவதும், அவர் சொன்ன நாள் முடியுமுன் காசநோய் மருந்தை நிறுத்துவதும், அண்டை வீட்டுக் குழந்தைக்கு உரிய மருந்தையும் சேர்த்து வீணாக்குவதாகும். மருந்து நமக்கு மட்டும் உரியதன்று. வருந்தலைமுறைக்கும் உரிய அமானத். நஞ்சைப் பூட்டி வைக்க மண்ணுயிர் அறிந்திருக்கிறது. மருந்தை அளந்து வழங்க, அறிவு அருளப்பெற்ற மனிதன் அறியவேண்டாமா?