சம்பளச் சீட்டில் அந்த மூன்று எழுத்து



நம் அண்ணனூரில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகாத ஆள் இல்லாத தெரு குறைவு. அவர்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்றொரு பிடித்தம் இருக்கும். அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

முன்பெல்லாம் தொழிலாளி படுத்தால் கூலியும் படுத்துவிடும். வட்டிக்கடன்தான் கதி. 1923ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வேலையால் ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. காய்ச்சலுக்கும் காசநோய்க்கும் அதில் வழியில்லை. ஜெர்மனியிலோ 1883லேயே நோய்க் காப்பீடு வந்துவிட்டது.

பேராசிரியர் பி.பி. அடார்கர் 1944ல் கொடுத்த அறிக்கைதான் இங்கே அடித்தளம். 1948ல் சட்டம் ஆனது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கி வைத்தார். நம் மாநிலத்தில் 1955ல், ஆலைகள் நிறைந்த கோவையில் முதலில் வந்தது.

பலர் இதை ஆஸ்பத்திரி அட்டை என்றே நினைக்கிறார்கள். என் பழைய மாணவர் ஒருவர் மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் படுத்திருந்தார். மருந்து வாங்கினாரே தவிர, சம்பளத்துக்குப் பதில் பணம் உண்டென்று அவருக்குத் தெரியாது. நகையை அடகு வைத்துத்தான் வீடு நடந்தது.

கணக்கைப் பாருங்கள். 15,000 ரூபாய் சம்பளத்தில் பிடித்தம் 0.75 விழுக்காடு, அதாவது 113 ரூபாய். முதலாளி பங்கு 3.25 விழுக்காடு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு கூலி கிடைக்கும். காசநோய், புற்றுநோய் போன்ற நெடுநாள் நோய்களுக்கு 80 விழுக்காடு. வேலையில் அடிபட்டால், குணமாகும்வரை 90 விழுக்காடு. அதற்கு 78 நாள் நிபந்தனையும் இல்லை. 2010 திருத்தத்துக்குப் பின், வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் இதில் சேரும்.

இரண்டு குறைகள் உண்டு. சம்பளம் 21,000ஐத் தாண்டினால் அந்தப் பங்களிப்புக் காலத்தோடு சந்தா நின்றுவிடும்; பிறகு பாதுகாப்பும் முடிந்துவிடும். 2017லிருந்து இதே வரம்புதான். சொந்தமாக ஆட்டோ ஓட்டுபவருக்கும் பெட்டிக்கடைக்காரருக்கும் இதில் இடமில்லை. இவர்கள் தனியாக விபத்துக் காப்பீடும், சில மாதச் செலவுக்குக் கையிருப்பும் வைத்துக்கொள்வது நல்லது.

ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, காப்பீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சந்தா ஏறுகிறதா என்று பாருங்கள். உடம்பு முடியாமல் போனால், இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழை முதல் நாளே வாங்கிக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள். அது யாரும் போடும் பிச்சையல்ல; உங்கள் சந்தாவின் பலன்.