பழைய பேரேடும் புதிய வாயிலும்

ஆவடியில் இரயில் முன்பதிவுச் சாளரத்தின்முன் விடியற்காலையில் நீளும் வரிசையை நெடுநாளாகக் கண்டு வருகிறேன். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைத்து, ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஊர் திரும்பக் காத்திருப்போர் அதில் பலர். எட்டு மணிக்குப் பதிவு தொடங்கும். பண்டிகைக் காலமெனில் சில நிமிடங்களில் இடம் தீர்ந்துவிடும். இணையத்திற்கென்று தனியே இடங்களை ஒதுக்கிவிட்டார்கள் என்று வரிசையில் பேசிக்கொள்வர். அஃது உண்மையன்று. இரு வழிகளும் சென்று சேர்வது ஒரே பேரேட்டில்தான்.

கணினிக்கு முன், ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கையால் எழுதும் பதிவேடு இருந்தது. 1985-இல் தில்லியில் சோதனையாகத் தொடங்கிய 'இம்ப்ரெஸ்' அதனைக் கணினிக்குள் கொணர்ந்தது. பின்னர் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் நகரங்களிலும் மையங்கள் எழுந்தன. எனினும் அவை தனித்தனியே இயங்கின. இரயில்வேயின் 'கிரிஸ்' நிறுவனம் உருவாக்கிய 'கான்சர்ட்' 1994-இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999-இல் ஐந்து மையங்களையும் பிணைத்தது. ஃபோர்ட்ரான், சி மொழிகளில் எழுதப்பட்ட அவ்வமைப்பு, சாளரத்து எழுத்தரை மனத்திற்கொண்டே கட்டப்பட்டது.

2002 ஆகஸ்டு 3 அன்று ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் பயணச்சீட்டு விற்கத் தொடங்கியபோது, அந்தப் பேரேட்டை யாரும் திருத்தி எழுதவில்லை. நாள்தோறும் நாடு முழுவதும் புழங்கும் ஏட்டை மூடிவைத்துப் புதுக்குவது எளிதா? ஆகவே இடையில் ஒரு மென்பொருள் அடுக்கு நின்றது. இணையத்தில் வரும் வேண்டுகோளைப் பழைய அமைப்புக்குப் புரியும் வடிவில் மாற்றி அனுப்பி, விடையை மீட்டுத் தந்தது. மூலத்தில் கைவைக்காது புதிய தலைமுறைக்குப் பொருள் சொன்ன நம் உரையாசிரியர்களின் பணியே இதுவும். பழைய அமைப்புக்கு இணையதளமும் மற்றுமோர் எழுத்தர்தான். காகிதச் சீட்டின் வழக்கமும் உடனே மாறவில்லை. இணையத்தில் பெற்ற சீட்டு தூதஞ்சலில் வீடு வந்து சேர்ந்தது. 2005-இல்தான் மின்சீட்டு வந்தது.

2014-இல் இணைய வாயில் அகலமாக்கப்பட்டது. நிமிடத்திற்கு 2,000 சீட்டு என்னும் திறன் 7,200 ஆக உயர்ந்தது. பேரேடு ஒன்றே என்பதால் ஒரே படுக்கை இருவருக்கு விற்கப்படுவதில்லை. அது பெரிய நன்மை. ஆனால் சாளரத்து எழுத்தர் ஒரு விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் ஆயிரக்கணக்கானோர் மறுவாயில் வழியே நுழைந்துவிடுகின்றனர். முகவர்களுக்குத் தொடக்க நிமிடங்களில் தடை விதிப்பது போன்ற விதிகள் பிறந்தது இதனால்தான். பேரேட்டைப் பொதுவாக வைத்த நாம், வாயில்களின் அகலத்தை யாரை எண்ணி அளந்தோம்? ஆவடி வரிசையில் முதலாவதாக நின்றும் இடமின்றித் திரும்பும் தொழிலாளிக்கு அவ்விடையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.